நீட்டாத விரல்

கத்திரி மூடியது. திறக்க மாட்டேன் என்றது.

நாற்காலியில் இருந்தவர் தபால் ஆபீஸ் குமாஸ்தா. இடது பக்கம் முடிந்து, பின்கழுத்தும் முடிந்து, வலது காதுக்கு மேலே சீப்பு நின்றுகொண்டிருந்தது. மனிதர் கண்ணை மூடி அரைத் தூக்கத்தில் இருந்தார். காதருகே ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த கிச்கிச் சத்தம் நின்றதும்தான் விழித்துக்கொண்டார்.

"என்னண்ணே, முடிஞ்சுதா?"

"இல்லைங்க. ஒரு நிமிஷம்."

கடைக்காரர் தன் வலது கையைப் பார்த்தார். வலி இல்லை, வீக்கம் இல்லை. கட்டைவிரல் கத்திரியின் வளையத்துக்குள் எப்போதும் போலத்தான் இருந்தது. இடது கையால் கத்திரியைப் பிரித்துவிட்டு, மூடு என்று நினைத்தார். சமர்த்தாக மூடியது. திற என்று நினைத்தார். காதில் விழாத மாதிரி கிடந்தது. மறுபடியும் இடது கையால் பிரித்தார். மறுபடியும் மூடியது. ஒரு வெட்டுக்கு இரண்டு கை.

குமாஸ்தா கண்ணாடியில் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "புது ஸ்டைலா அண்ணே?" என்றார்.

பக்கத்து நாற்காலியில் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்த மைத்துனன், நுரையைத் துடைத்துவிட்டு வந்து மீதித் தலையை முடித்துக் கொடுத்தான். கடைக்காரர் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அவர் அந்த பெஞ்சில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அது காத்திருப்பவர்களுக்கான பெஞ்சு.

இரண்டே நாற்காலி உள்ள கடை அது. வாசலில் ஒரு பெயர்ப்பலகை உண்டு. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் அந்தத் தெருவில் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. எல்லோருக்கும் அது 'வாங்க' கடை, அவர் 'வாங்க' அண்ணன். ஒரு தலை முடிந்ததும் துணியை உதறிவிட்டு, உள்ளங்கை மேலே பார்க்கும்படி வலது கையை முழுசாக விரித்து, பெஞ்சைப் பார்த்து "வாங்க" என்பார். யாருடைய முறையோ அவர் எழுந்து வருவார். முப்பது வயதுக்காரருக்கும் அதே வாங்க, மூன்று வயதுக் குழந்தைக்கும் அதே வாங்க.

மைத்துனன் நேர் எதிர். "நீ வா", "நீ இல்ல, கட்டம்போட்ட சட்டை, நீ", "உனக்குத்தான்யா சொல்றேன்" என்று ஆளைக் குறிபார்த்துத்தான் கூப்பிடுவான். அவன் நாற்காலிப் பக்கம் முறைக்காகத் தகராறு வரும். இவர் பக்கம் வந்ததில்லை.

விரல் நீட்டுவது அவருக்கு ஆகாது. கடையில் மட்டுமில்லை, எங்கேயும். வழி கேட்டு வருகிறவர்களுக்குக்கூட முழுக் கையையும் நீட்டித்தான் தெருவைக் காட்டுவார். அவருடைய அப்பா வீட்டில் விரல் நீட்டாமல் பேசியதே கிடையாது. அம்மாவின் முகத்துக்கு நேராக அந்த விரல் ஆடும். பிறகு திரும்பி, கதவோரம் நிற்கிற இவரைப் பார்க்கும். அப்பா கை ஓங்கியதில்லை. விரலே போதுமாக இருந்தது. வளர்ந்து பெரியவராகி, அப்பா போய், அம்மாவும் போய், கல்யாணமாகி இவ்வளவு காலமான பிறகும், இவர் யாரையும் அப்படிக் காட்டிப் பேசியதில்லை. மனைவி சண்டைக்கு வந்தால், "சரி, விடு" என்பார். அவ்வளவுதான் சண்டை.

கொஞ்ச நாள் முன்னால் குளியலறையில் வழுக்கிக் கையை ஊன்றியிருந்தார். மணிக்கட்டு எலும்பில் மயிரிழைக் கீறல் என்று கட்டுப்போட்டு, பிறகு கட்டைப் பிரித்தார்கள். எலும்பு கூடிவிட்டது, இனிக் கவலையில்லை என்றார்கள். அவரும் கத்திரியைக் கையில் எடுத்து, அந்த விஷயத்தை மறந்தும்விட்டார். கத்திரி மறக்கவில்லை போலிருக்கிறது.

ஆஸ்பத்திரிக்கு மனைவியும் கூட வந்தாள். டாக்டர் அவர் கையை மேஜைமேல் கவிழ்த்து வைத்து, கட்டைவிரலை மட்டும் மேலே தூக்கச் சொன்னார். நுனி தொங்கியது.

"நரம்பு அறுந்துபோச்சுங்களா?" என்றாள் மனைவி.

"நரம்பு இல்லைம்மா, நாண். எல்லாரும் ரெண்டையும் நரம்புன்னுதான் சொல்றோம். வில்லுல கட்டுவாங்க இல்லையா, அந்த நாண் மாதிரி." டாக்டர் அவருடைய முன்கையை, முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, அழுத்திப் பிடித்தார். "விரலைத் தூக்குற தசை விரல்ல இல்லை. இங்க இருக்கு. அதோட நாண் நீளமா வந்து, மணிக்கட்டுல ஒரு சின்ன எலும்பு மேட்டைச் சுத்தித் திரும்பி, கட்டைவிரல் நுனிக்குப் போகுது. கிணத்துல கயிறு கப்பியில திரும்புதே, அப்படி. உங்களுக்குக் கீறல் விழுந்தது அந்த மேட்டுக்குப் பக்கத்துல. உள்ளேயே நைஞ்சு நைஞ்சு, ஒருநாள் போயிடுச்சு."

"ஆனா மூட முடியுதே?" என்றார் அவர்.

"மூடுறது வேற தசை. அது நல்லா இருக்கு. தசைக்கு இழுக்க மட்டும்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அதனால ஒரு எலும்பை இந்தப் பக்கம் இழுக்க ஒருத்தன் இருந்தா, திருப்பிக் கொண்டுவர அந்தப் பக்கம் இன்னொருத்தன் வேணும். இவன் இழுக்கும்போது அவன் விட்டுக்கொடுப்பான். அவன் இழுக்கும்போது இவன் விட்டுக்கொடுப்பான்."

"எப்பவும் விட்டுக்கொடுக்கவே செஞ்சா?" என்றாள் மனைவி, கணவனைப் பார்த்துக்கொண்டே.

"கை சும்மா தொங்கும்மா" என்றார் டாக்டர்.

நைந்த நாணைத் தைக்க முடியாது. இரு முனையும் பிய்ந்த தேங்காய் நார் மாதிரி ஆகியிருக்கும் என்றார். ஆனால் வேறு வழி இருந்தது. ஆள்காட்டி விரலுக்கு மட்டும் நாண் இரண்டு. ஒன்று, நான்கு விரல்களையும் சேர்த்துத் தூக்குகிற தசையிலிருந்து வருவது. இன்னொன்று, ஆள்காட்டி விரலைத் தனியாக நீட்டுவதற்கென்றே உள்ளது. அந்தத் தனி நாணை அவிழ்த்துக் கட்டைவிரலில் இணைத்துவிட்டால், அந்தத் தசை இழுக்கும்போது கட்டைவிரல் எழுந்திருக்கும். ஆள்காட்டி விரலுக்குப் பெரிய நஷ்டம் இல்லை.

"அப்புறம் கத்திரி பிடிக்கலாமா?"

"பிடிக்கணும். அதுக்குத்தானே செய்றோம்."

முடிவெட்டுகிற கத்திரியில் ஒரு அலகு அசையவே அசையாது. மோதிரவிரல் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். திறப்பதும் மூடுவதும் கட்டைவிரல் ஒன்றுதான். அது இல்லாவிட்டால் அந்தத் தொழிலே இல்லை. அவருக்கு வேறு தொழில் தெரியாது. வேறு எதையும் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை. ஆப்பரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது, கூட வந்த நர்ஸின் பின்னலைப் பார்த்து, நுனி பிளந்திருக்கிறது, ஒரு விரற்கடை வெட்டினால் போதும் என்று நினைத்துக்கொண்டே போனார்.

தையல் ஆறி, கையை அசையாமல் வைத்திருந்த பட்டை எடுக்கப்பட்டதும் பயிற்சி ஆரம்பமானது. பிசியோ ஒரு சின்னப் பெண். பேச்சில் வேகம், சிரிப்பில் தாராளம்.

"சார், கட்டைவிரலைத் தூக்கணும்னு நினைக்காதீங்க. உங்க மூளை பழைய ஆளுக்கே சொல்லி அனுப்பிட்டு இருக்கும். அவன் வேலையை விட்டுப் போயிட்டான். ஆள்காட்டி விரலை நீட்டணும்னு நினைங்க. கட்டைவிரல் தானா எந்திரிக்கும். எங்க, அந்தக் கடிகாரத்தைக் காட்டுங்க."

அவர் கையை எடுத்து, உள்ளங்கையை விரித்து, சுவரிலிருந்த கடிகாரத்தைக் காட்டினார். நான்கு விரலும் அழகாக நிமிர்ந்தன. கட்டைவிரல் படுத்திருந்தது.

"சார், கடிகாரத்தை வந்து உட்காரவா சொல்றீங்க? காட்டுங்க. ஒத்தை விரல்."

மற்ற மூன்று விரல்களையும் அவளே மடக்கிவிட்டாள். அவர் நீட்டப் பார்த்தார். ஆள்காட்டி விரல் கூச்சப்பட்ட மாதிரி கொஞ்சம் வந்தது. அதோடு மடக்கிய விரல்களும் ஒவ்வொன்றாக அவிழ்ந்து வந்தன.

"மொத்தமா விரிக்கிறது பழைய தசை, சார். அது இருந்த இடத்துலயே இருக்கு. நாங்க மாத்திக் கட்டினது தனியா நீட்டுற ஆளை. அவனை நீங்க கூப்பிடவே மாட்டேங்கறீங்க."

"கூப்பிட்டுப் பழக்கமில்லைம்மா."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டாள்.

நாட்கள் போயின. கடிகாரத்தைக் காட்டினார், மின்விசிறியைக் காட்டினார், ஜன்னலைக் காட்டினார். எல்லாவற்றையும் வரவேற்றார். கட்டைவிரல் அசையவில்லை. அடுத்த முறை பார்க்கும்போதும் இப்படியே இருந்தால், உள்ளே முடிச்சு நழுவியிருக்கிறதா என்று மறுபடி திறந்துதான் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அன்று பஸ்ஸில் கடைக்காரர் முன்சீட்டில் இருந்தவர்களின் தலைகளைப் பார்க்காமல், தன் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மைத்துனன் தன்னால் ஆனதைச் செய்தான். தோட்டத்தில் செடி கத்தரிக்கிற, ஸ்பிரிங் வைத்த கத்திரி ஒன்றைக் கொண்டுவந்தான். "மாமா, இது தானே திறந்துக்கும். நீங்க மூடினாப் போதும்."

"மாப்பிள்ளை, வர்றவங்க தலையோட வர்றாங்க. தொட்டியோட வரலை."

பிசியோ ஒருநாள் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டாள். "அம்மா, வீட்ல சண்டை போடுவீங்களா?"

"நான் போடுவேன். அவர் போட மாட்டார்."

"போட வைங்க. கோபம் வந்தா மனுஷனுக்கு விரல் தானா நீளும்."

மனைவி மனப்பூர்வமாக முயற்சி செய்தாள். ஒருநாள் முழுக்க எதிலும் உப்புப் போடாமல் சமைத்தாள். "உடம்புக்கு இதுதான் நல்லது" என்று சாப்பிட்டு எழுந்தார். அவருடைய செருப்பை ஒளித்து வைத்தாள். வெறுங்காலோடு போய்ப் பால் வாங்கி வந்தார். அவருடைய அக்காவைப் பற்றி, காலம்காலமாகத் தொண்டைக்குள் வைத்திருந்ததையெல்லாம் கொட்டினாள்.

"அவ அப்படித்தான்" என்றார் அவர். "நீ சொல்றது சரிதான்."

"உங்ககூட ஒரு சண்டை போடக்கூட எனக்குக் கொடுத்து வைக்கலையே" என்று அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டரைப் பார்க்கப் போக வேண்டிய நாளுக்கு முந்தைய நாள், அவர் கடைக்குப் போனார். வேலை இல்லாவிட்டாலும் தரையைக் கூட்டவாவது போவது வழக்கமாகியிருந்தது. இடது கையால் கூட்டலாம்.

உள்ளே தபால் ஆபீஸ் குமாஸ்தா கழுத்தில் துணியோடு உட்கார்ந்திருந்தார். அவர் முடி அதற்குள் மறுபடி வளர்ந்திருந்தது. மைத்துனன் தரையில் குத்துக்காலிட்டு, புதிதாக வந்திறங்கிய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தான். பெட்டியைச் சுற்றி ஒட்டியிருந்த பிளாஸ்டிக் டேப் லேசில் அறுபடவில்லை. அவன் கத்திரியால் கீறி, குத்தி, இழுத்தான். பசை அலகில் இழை இழையாக ஒட்டிக்கொண்டு வந்தது.

அது அவருடைய கத்திரி.

மெல்லிய தோல் உறையில், அவருடைய இழுப்பறையில், எண்ணெய் துடைத்து வைத்திருந்த கத்திரி. தலைமுடியைத் தவிர வேறெதையும் அது வெட்டியதில்லை. காகிதம் வெட்டினாலே கூர் போய்விடும் என்பது அந்தக் கடையில் எல்லோருக்கும் தெரியும். மைத்துனனுக்கு நன்றாகவே தெரியும்.

"நீ" என்றார் அவர். "அதைக் கீழ வை."

மைத்துனன் நிமிர்ந்து பார்த்தான். "வந்துட்டீங்களா மாமா. பிளேடு கிடைக்கலை, அதான்... இது சும்மாதானே கிடக்குதுன்னு..."

தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவனுக்கே அப்போதுதான் உறைத்தது.

"சும்மா கிடக்குதா?"

"இல்ல மாமா..."

"சும்மா கிடக்குதுன்னு உனக்கு யார் சொன்னா? நான் சொன்னேனா? டாக்டர் சொன்னாரா? நான் இன்னும் இங்கதானே நிக்கறேன். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

குமாஸ்தா கழுத்துத் துணிக்குள் சுருங்கினார். மைத்துனன் அவர் முகத்தைப் பார்க்காமல், அதற்குக் கொஞ்சம் கீழே, தன்னை நோக்கி நீண்டிருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா" என்றான். "மாமா, கையைப் பாருங்க."

அவர் பார்த்தார். மூன்று விரல்கள் மடங்கியிருந்தன. ஆள்காட்டி விரல் அவன் மூக்குக்கு நேராக இருந்தது. அதன் பக்கத்தில், செங்குத்தாக, நுனிவரை விறைப்பாக, கட்டைவிரல் நின்றுகொண்டிருந்தது.

"நிக்குதுண்ணே" என்றார் குமாஸ்தா, மிகவும் மெதுவாக.

பார்த்த அதிர்ச்சியில் கை இறங்கியது, கட்டைவிரலும் படுத்துக்கொண்டது. அவர் மறுபடி தூக்கப் பார்த்தார். வரவில்லை. மறுபடி முயன்றார். முகம் வெளுத்தது.

மைத்துனன் எழுந்து நின்றான். கண் கலங்கியிருந்தது, இருந்தாலும் கத்திரியை ஆட்டிக் காட்டிச் சொன்னான். "சும்மாதான் கிடந்துச்சு, மாமா. நாளைக்கு இதுல அட்டை வெட்டலாம்னு இருக்கேன். தகரம் வெட்டலாம்னு இருக்கேன்."

"டேய், நீ..." என்றார் அவர். கட்டைவிரல் எழுந்தது.

இந்த முறை அவர் அதைக் கீழே விடவில்லை. நீட்டிய கையை அப்படியே முகத்தருகே கொண்டுவந்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்கையில், டாக்டர் அழுத்திக் காட்டிய இடத்தில், தோலுக்கு அடியில் ஏதோ திரண்டு இழுப்பது தெரிந்தது. முடிச்சு நழுவவில்லை. எல்லாம் கட்டிய இடத்திலேயே இருந்தது. அது வேலைக்குத் தயாராக, கூப்பிடுவதற்காக, இத்தனை நாளும் காத்திருந்திருக்கிறது.

அந்தக் கை அப்பாவின் கையைப் போல இருக்குமோ என்று ஒரு கணம் பயந்தார். இல்லை. அப்பாவின் விரல் தனியாக நின்று ஆடும். இதற்குத் துணைக்குப் பக்கத்தில் ஒன்று நின்றது.

மனைவிக்கு போன் செய்தார். "உன் தம்பியைத் திட்டிட்டேன்."

"நிஜமாவா? விரலை நீட்டியா?"

"ஆமா."

"கட்டைவிரல்?"

"எந்திரிச்சுது."

மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, "அவன் என்ன செஞ்சான்?"

"என் கத்திரியில டேப் வெட்டினான்."

"நல்லா இருப்பான்" என்றாள் அவள்.

அதற்கப்புறம் சில வாரங்கள் அந்தத் தெருவில் அவர் காட்டாத ஆளில்லை. விளக்குக் கம்பத்தை, நாயை, பால்காரரை, மாடியில் துணி காயப்போடுகிறவர்களை, எல்லோரையும் விரல் நீட்டிக் காட்டிக்கொண்டே நடந்தார். நின்று என்னவென்று கேட்டவர்களிடம், "உங்களை இல்லைங்க, கைக்குப் பயிற்சி" என்று மன்னிப்புக் கேட்டார். "நம்ம வாங்க அண்ணன், இப்ப போங்கறாரு" என்று மைத்துனன் ஒன்று கிளப்பிவிட்டான். அது கொஞ்ச காலம் ஓடியது. வீட்டில் மட்டும் மனைவி, "அந்தப் பக்கம் திரும்பிக் காட்டுங்க" என்றாள்.

டாக்டர் பார்த்துவிட்டுத் திறக்க வேண்டியதில்லை என்றார். பிசியோ சொன்னபடியேதான் நடந்தது. முதலில் காட்ட நினைத்தால்தான் கட்டைவிரல் எழுந்தது. பிறகு காட்டுவதாகப் பாதி நினைத்தாலே எழுந்தது. மூளை புது ஆளின் விலாசத்தை மெல்ல மெல்லப் படித்துக்கொண்டது. கடைசியில், எந்தத் தசை யாருக்காக இழுக்கிறது என்பதே அவருக்கு மறந்துபோனது. அதற்குப் பிறகு அந்தக் கை நிற்கவேயில்லை, அவரே நின்றுபோகும்வரை.

ஆனால் அதெல்லாம் பிறகு. முதல் தலைக்கு உட்கார்ந்தது மைத்துனன்தான். கத்திரியைச் சாணை பிடித்து, பசையெல்லாம் துடைத்து, தோல் உறையோடு அவர் கையில் கொடுத்துவிட்டு, போய் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, துணியைத் தானே கழுத்தில் சுற்றிக்கொண்டான். பெஞ்சில் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

அவர் சீப்பை வைத்து முடியைத் தூக்கினார். கத்திரி வளையத்துக்குள் கட்டைவிரலை நுழைத்தார். காட்டு என்று நினைத்தார். திறந்தது. மூடு என்றார். கிச். மறுபடி காட்டு, கிச். தாளம் இன்னும் வரவில்லை; ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவே யாரோ மூச்சை இழுத்துப் பிடிக்கிற மாதிரி ஓர் இடைவெளி இருந்தது. ஆனால் இடது கை சீப்பை மட்டுமே பிடித்திருந்தது. முதல் கற்றை துணிமேல் விழுந்தது, அடுத்தது விழுந்தது. காதைச் சுற்றி வந்தபோது இடைவெளி கொஞ்சம் குறைந்திருந்தது.

மைத்துனன் கண்ணாடியில் அவருடைய முகத்தைப் பார்த்தான். உதடு லேசாக அசைந்துகொண்டிருந்தது.

"உள்ளுக்குள்ள யாரைத் திட்டிட்டு இருக்கீங்க, மாமா?"

"உன்னைத்தான்."

"நல்லாத் திட்டுங்க. பின்னாடி இன்னும் கொஞ்சம் குறைக்கணும்."